கட்டைவிரல் பதம்

ஆரஞ்சுப் பழத்தைக் கண்ணில் காட்டிவிட்டுத் திரும்ப எடுத்துக்கொண்டு போன மாதிரி ஒரு புளிப்பு, அதன் பின்னால் லேசாக ஒரு கரிப்பு, அவ்வளவுதான். இதற்காகவா நேற்று சாயந்திரத்திலிருந்து பட்டினி போட்டார்கள் என்று மதலைமுத்து காகிதக் கோப்பையின் அடியை எட்டிப் பார்த்தார், அடியிலும் ஒன்றுமில்லை. "மணி ஒம்பது பத்து ஐயா" என்றாள் சோதனை அறை வாசலில் நின்ற நிலோபர், கோப்பையை வாங்கித் தொட்டியில் போட்டபடி. "ஒம்பது நாப்பதுக்குக் கூப்பிடுவேன். அதுவரைக்கும் இந்த பெஞ்சுலயே இருங்க. நடக்காதீங்க, தண்ணி, வெத்தல, பாக்கு எதுவும் வாயில போடாதீங்க, பேச்சைக் கொஞ்சம் கம்மி பண்ணுங்க." பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவர் மனைவி சலோமி சிரித்துவிட்டாள். "பேச்சையா? அதுக்கு இவர இங்க இட்டாந்திருக்கக் கூடாதும்மா, நேரா கல்லறைக்கே இட்டுகினு போயிருக்கணும்." நிலோபரும் சிரித்தாள், உள்ளே போனாள், கதவு தானாக மூடிக்கொண்டது. வேலூரில் வயிற்றுக்கென்றே நடத்தும் அந்த ஆஸ்பத்திரியின் இரண்டாம் மாடியில் ஒரு நீளமான நடை, ஒரு பக்கம் முழுக்க இரும்பு பெஞ்சு, எதிரே சுவரில் ஒரு கடிகாரம். கடிகாரத்தின் நொடி முள் ஒவ்வொரு தடவையும் எட்டாம் எண்ணிடம் வந்ததும் ஒரு விக்கல் விக்கி, பிறகு போனது. அதைப் பார்க்கப் பார்க்க அவருக்கும் விக்கல் வரும்போல இருந்தது. அறையின் கண்ணாடிச் சன்னல் வழியே மேசை தெரிந்தது. மேசைமேல் அவர் முதலில் ஊதிக் கொடுத்த பை புடைத்துக்கொண்டு படுத்திருந்தது, மேலே 'முன்' என்று எழுதியிருந்தது. அதன் பக்கத்தில் 'பின்' என்று எழுதின இன்னொரு பை, சப்பையாக, வாயைத் திறந்துகொண்டு, அவருக்காகக் காத்திருந்தது. ஐம்பத்தொன்பது வயதில் ஒரு மனுஷனுடைய மூச்சைப் பையில் பிடித்து முன் பின் என்று எழுதி வைக்கிறார்கள். இதை நாளைக்குத் தோல் பதனிடுகிற டேனரியில் சொன்னால் ஒருத்தனும் நம்ப மாட்டான். நம்பாமல் இருப்பதில் தப்பில்லை, முப்பத்தொரு வருஷமாக அவர் அவர்களுக்குச் சொன்னதெல்லாம் அந்த மாதிரி.

கோப்பையைக் கொடுப்பதற்கு முன்னால் அந்தப் பெண் இன்ன சோதனை என்று விளக்கத்தான் செய்தாள். வயிற்றுக்குள் ஒரு கிருமி, சுருள் கம்பி மாதிரி வளைந்தது, புளித்த அமிலத்தில் குடித்தனம் நடத்துகிறது. அதனிடம் ஒரு நொதி இருக்கிறது. யூரியா கிடைத்தால் அந்த நொதி அதைத் தண்ணீரோடு சேர்த்து இரண்டாக உடைக்கும், ஒரு பக்கம் அமோனியா, ஒரு பக்கம் கரியமில வாயு. "வயலுக்குப் போடுற யூரியாவா பாப்பா?" "அதேதான் ஐயா. ஆனா இதுல இருக்கற கார்பன் கொஞ்சம் கனம் ஜாஸ்தி, அடையாளம் வச்சது. கிருமி உள்ள இருந்தா அத ஒடச்சிரும், அந்த வாயு ரத்தத்துல ஏறி, நுரையீரல்ல வந்து, மூச்சுல வெளிய வரும். ரெண்டு பையையும் மிஷின்ல குடுத்தா அது சொல்லிரும்." வயிற்றில் இருப்பவன் மூச்சில் மாட்டிக்கொள்கிறான், அடடா, என்று அவருக்கே ஒரு கதை கேட்ட சந்தோஷம். அதற்குப் பிறகுதான் அந்தக் கேள்வியைக் கேட்டாள், தாளில் ஒரு கட்டத்தில் பேனாவை வைத்துக்கொண்டு, நிமிராமல்: "ரெண்டு வாரமா கேஸ் மாத்திரை எதுவும் போடலையே?" சேச்சே என்றார் மதலைமுத்து. வாய் சொல்லிவிட்டது. வாய்க்குப் பழக்கம். அவர் யோசிப்பதற்குள் அது ஒரு பொய்யைச் சொல்லி, அதற்கு மீசையும் வரைந்துவிடும். போதாததற்குச் சலோமி வேறு சாட்சிக்கு வந்துவிட்டாள்: "காலண்டர்ல நானே ஒவ்வொரு நாளா அடிச்சினு வரேம்மா. மோர்தான், வேற ஒண்ணும் இல்ல." அந்தக் கட்டத்தில் ஒரு கோடு விழுந்தது. இப்போது அவர் சட்டைப் பையில் மூக்குக் கண்ணாடி டப்பா இருக்கிறது, டப்பாவுக்குள் கண்ணாடி துடைக்கிற துணி இருக்கிறது, துணிக்குள் மாத்திரைப் பட்டை இருக்கிறது. பத்து குமிழில் ஏழு காலி. ஏழாவது இன்று காலை ஐந்து மணிக்குக் காலியானது, குளியலறைக்குள், குழாயைத் திறந்துவிட்டு, சத்தம் கேட்காமல். தண்ணீர்கூட இல்லாமல் விழுங்கினார். இன்னமும் அது நெஞ்சுக்குழியில் நிற்கிற மாதிரிதான் இருக்கிறது. மணி ஒன்பது பதின்மூன்று.

ஏன் போட்டாய் என்று கேட்டால் எரிந்தது, போட்டேன். அதைவிட என்ன பதில் இருக்கிறது. நிறுத்தச் சொன்ன முதல் மூன்று நாள் நிறுத்தித்தான் பார்த்தார்; மூன்றாம் நாள் மத்தியானம் டிரம்மின் பக்கத்தில் குந்தி உட்கார்ந்தவருக்கு எழுந்திருக்க முடியாமல், சாம்பல் அள்ளிப் போட்ட அடுப்பு மாதிரி உள்ளே கனன்றுகொண்டு, உலகத்தில் இருக்கிற அத்தனை பேர்மேலும் கோபமும் அத்தனை பேர்மேலும் பரிதாபமும் ஒன்றாக வந்தது. அலுப்பு. நோவைவிட அலுப்புத்தான் பெரிசு. இரண்டு வருஷமாக வயிற்றோடு பேசிக்கொண்டிருப்பதில் ஒரு மனுஷன் எவ்வளவு களைத்துப்போவான் என்று எந்த மிஷின் சொல்லும். அவர் ராணிப்பேட்டையில் வேலை செய்கிற டேனரியில் சுண்ணாம்பில் ஊறின தோலைப் பதம் பண்ணுகிற டிரம்மு அவர் பொறுப்பு. பெரிய மர டிரம்மு, ஓர் அறை உயரம், உள்ளே ஐந்நூறு ஆட்டுத் தோல், வெதுவெதுப்பான தண்ணீர், முப்பத்தேழு டிகிரி, அதாவது சரியாக ஒரு மனுஷன் உடம்புச் சூடு. அதில் அந்தப் பழுப்புப் பொடியைப் போட்டுச் சுற்றவிட வேண்டும். பொடியும் நொதிதான். கெமிஸ்ட் சார் ஒரு தடவை கரும்பலகை எல்லாம் வைத்துச் சொல்லிக்கொடுத்தார்: தோல் என்றால் கயிறு, கயிற்றுக்குள் கயிறு, அதற்கு நடுவே இருக்கிற கசடைத்தான் பொடி அறுக்கிறது, அறுக்கிறதுக்கு அதுக்குக் கத்தி கிடையாது, தண்ணீர்தான் கத்தி, ஒரு கண்ணியைப் பிரித்து நடுவில் ஒரு சொட்டுத் தண்ணீரைச் செருகிவிடும், கண்ணி மறுபடியும் சேராது. இந்த ஜாதிக்கே நீராற்பகுப்பு நொதி என்று பேர், நம் எச்சிலிலும் அதுதான், குடலிலும் அதுதான், கிருமிக்கும் அதுதான், அது இல்லாவிட்டால் கிருமிக்குச் சோறு இல்லை. இந்தப் பொடியே ஒரு கிருமியை வளர்த்து அது துப்புகிறதைக் காயவைத்ததுதான் என்றார். அன்று சாயந்திரமே மதலைமுத்து அதற்குக் கையும் காலும் வைத்துவிட்டார். பொடியை ஒரு பிடி கூடப் போட்டுவிட்டாராம், ஐந்நூறு தோலும் அப்படிப் பூவாகிவிட்டதாம், ஒரு முழு எருமைத் தோலை எட்டாக மடித்துத் தீப்பெட்டிக்குள் வைத்து, வெளிநாட்டிலிருந்து தோல் பார்க்க வந்த துரையிடம் நீட்டினாராம், துரை சிகரெட் பற்றவைக்கத் திறந்தவன் உள்ளேயிருந்து எருமை எழுந்து வருவதைப் பார்த்து அலறினானாம். ஆட்டுத் தோல் டிரம்மில் எருமை எப்படி வந்தது என்று யாரும் கேட்கவில்லை. இன்னொரு தடவை அவரே டிரம்முக்குள் விழுந்து, வெளியே வந்தபோது மீசை இல்லாமல் பத்து வயது குறைந்திருந்ததாகவும், சலோமி யாரோ என்று கதவைச் சாத்திவிட்டதாகவும். சிரிப்பார்கள். சிரிக்கட்டும். டிரம்மு சுற்றுகிற முக்கால் மணி நேரத்தை வேறு எப்படிப் போக்குவது. ஆனால் சிரிப்பு முடிந்ததும் எல்லோரும் அவர் கையைத்தான் பார்ப்பார்கள். டிரம்மை நிறுத்தி, ஒரு தோலை இழுத்து, மடக்கி, வழவழப்பான பக்கத்தில் கட்டைவிரலால் ஓர் அழுத்து. விரல் எடுத்த இடத்தில் குழி அப்படியே நின்று, மெல்ல, தயங்கித் தயங்கி மறைந்தால் பதம் வந்துவிட்டது. சட்டென்று எழும்பிவிட்டால் இன்னும் வேகவில்லை. பதம் வந்த பிறகு பத்து நிமிஷம் கூட ஓடினால் போயிற்று, தோல் தொளதொளவென்று தொங்கிவிடும், ஐந்நூறும் குப்பை. கடிகாரம் சொல்லாது, கட்டைவிரல்தான் சொல்லும். முப்பத்தொரு வருஷத்தில் கட்டைவிரல் அவரிடம் பொய் சொன்னதில்லை. வாய் சொல்கிற பொய்க்கெல்லாம் பரிகாரமாகத்தான் சாமி அந்த விரலைக் கொடுத்திருக்கிறார்போல என்று நினைத்துக்கொள்வார்.

அங்கேதான் தப்பு நடந்தது. மணி ஒன்பது பத்தொன்பது. எட்டாம் எண்ணிடம் முள் விக்கியது. இரண்டரை மாதத்துக்கு முன்னால் தொண்டையில் குழாய் விட்டுப் பார்த்த டாக்டர், புண் இருக்கிறது, கிருமியும் இருக்கிறது, பதினாலு நாளைக்கு மாத்திரை, காலையில் நாலு சாயந்திரம் நாலு, ஒரு வேளைகூட விடக் கூடாது, விட்டால் மிஞ்சுகிறது மருந்துக்குப் பழகிவிடும் என்று ஒவ்வொரு சொல்லாக எண்ணி எண்ணிச் சொன்னார். சில கிருமி இன்னும் கெட்டிக்காரன், மருந்தையே தண்ணீர் செருகி உடைத்துப்போடுகிற நொதியைக் கைவசம் வைத்திருப்பான் என்றும் சொன்னார். தலையைத் தலையை ஆட்டிக்கொண்டு வந்தார் மதலைமுத்து. முதல் ஐந்து நாள் வாயெல்லாம் துரு. ஆறாம் நாள் குமட்டல். எட்டாம் நாள் மத்தியானம் டிரம்மு சுற்றிக்கொண்டிருந்தது, அவர் தனியாகச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார், சட்டையைத் தூக்கி, நெஞ்சுக்கூட்டுக்குக் கீழே, எப்போதும் தேள் கொட்டுகிற அந்த ஒரு ரூபாய் அகலத்து இடத்தில், கட்டைவிரலை வைத்து அழுத்தினார். வலிக்கவில்லை. இன்னும் அழுத்தினார். வலிக்கவே இல்லை. விரலை எடுத்தார், குழி நின்றது, தயங்கித் தயங்கி மறைந்தது. பதம். இதற்குமேல் ஓட்டினால் உள்ளே இருக்கிற தோல் தொளதொளத்துவிடும் என்று அந்த நிமிஷத்தில் அவர் நம்பினார், இன்று யோசித்தால் வெட்கமாக இருக்கிறது, ஆனால் நம்பினார், சத்தியமாக நம்பினார். தோலுக்கு ஒரு நியாயம் வயிற்றுக்கு ஒரு நியாயமா. ஒன்பதாம் நாளிலிருந்து சலோமி பொட்டலம் கட்டிக் கொடுத்த மாத்திரைகளை டிரம்முக்குக் கீழே ஓடுகிற கால்வாயில் போட்டார். அதில் ஓடுகிற கழிவுத் தண்ணீருக்குத்தான் இப்போது அல்சர் இல்லை. வீட்டில் சலோமி நாள்காட்டியில் பதினாலும் அடித்து, பதினைந்தாம் நாள் மாதாவுக்கு ஒரு மெழுகுவர்த்தி ஏற்றினாள். அந்த மெழுகுவர்த்தியை நினைத்தால்தான். சரி, அதை விடு. மூன்று வாரம் நன்றாகத்தான் இருந்தது, பிறகு ஒரு நாள் விடியற்காலை அதே இடத்தில் அதே தேள். கூடப் பிறந்த பாக்கியநாதன் அண்ணன் இப்படித்தான் சொல்வான், தேள்டா தம்பி, உள்ள குடித்தனம் வந்துட்டுது, வாடகை கேட்டா கொட்டுது. அண்ணனும் சிரிக்கவைக்கிறவன்தான். கேஸ் கேஸ் என்று பத்து வருஷம் சோடா குடித்தான், ஒவ்வொரு சாப்பாட்டுக்கும் ஒரு சோடா, ஏப்பம் விட்டுவிட்டுப் போயிடுச்சு பாரு என்பான். போகவில்லை. கடைசியில் குழாய் விட்டுப் பார்த்தபோது வயிற்றின் பாதி கல்லாகிவிட்டிருந்தது. ஐம்பத்துமூன்று வயது. சவப்பெட்டியைத் தூக்கும்போது இலேசாக இருந்தது, அதுதான் மதலைமுத்துவின் தோளுக்கு இன்றுவரை ஞாபகம், பெரிய ஆள், பாறை மாதிரி நெஞ்சு, பெட்டியில் ஒன்றுமே இல்லாத மாதிரி. அண்ணனுக்கு இருந்ததும் இந்தக் கிருமிதானா டாக்டர் என்று கேட்டார். இருந்திருக்கலாம், அப்போ யாரும் பாக்கலையே என்றார் டாக்டர். பார்க்கவில்லை. இப்போது பார்க்கிறார்கள். பார்க்கிறவர்கள் கண்ணில் இவர் மண்ணைத் தூவிவிட்டு பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார்.

அமோனியா. அந்த வார்த்தை அந்தப் பெண் சொன்னபோதே மூக்கில் ஏறிவிட்டது. சுண்ணாம்பைக் கழற்றுகிற உப்பைப் போட்டுவிட்டு டிரம்மைத் திறந்தால் வருகிற அந்தக் காரம், கண் அவிந்துபோகிற மாதிரி, புதிதாக வருகிறவன் வாசல் வரைக்கும் ஓடிப்போய் வாந்தி எடுப்பான். அவருக்கு அது வீட்டு வாசனை. இந்தச் சுருள் பயலும் அதே வேலைதான் செய்கிறான். சுற்றிலும் அமிலம், இரும்பைக் கரைக்கிற அமிலம், அவன் யூரியாவை உடைத்து உடைத்துத் தன்னைச் சுற்றி ஓர் அமோனியாப் போர்வை போர்த்துக்கொள்கிறான், அமிலம் வந்து போர்வையில் முட்டிச் செத்துப்போகிறது, அவன் உள்ளே சுகமாக இருந்துகொண்டு சுவரைச் சுரண்டுகிறான். வெதுவெதுப்பான இருட்டு, முப்பத்தேழு டிகிரி, சுற்றிலும் தோல், கையில் நொதி. ஒரே தொழில்காரர்கள். ஒரே ஷிப்டு. டேனரியில் ஓர் ஆள் குறைந்தால் இவனைக் கூப்பிட்டுக்கொள்ளலாம். சிரிப்பு வந்தது, சிரித்தால் வயிறு குலுங்கும், குலுங்கினால் தேள் விழித்துக்கொள்ளும் என்று அடக்கிக்கொண்டார். ஆனால் தேள் விழிக்கவில்லை, அதுதான் விஷயம், மாத்திரை அதைத் தூங்கவைத்திருக்கிறது. அமிலம் குறைந்தால் அவனுக்குப் போர்வை நெய்கிற வேலை குறைந்துவிடும், எண்ணிக்கையும் சுருங்கிவிடும், ஒரு மூலையில் முடங்கிப் படுத்துக்கொள்வான். யூரியா அவன் தலைக்குமேல் போகும், அவன் கை நீட்ட மாட்டான். மூச்சில் ஒன்றும் வராது. மிஷின் ஆள் இல்லை என்று எழுதிக் கொடுத்துவிடும். தாளில் கொட்டை எழுத்தில் அச்சடித்திருந்தது, அதனால்தான் இரண்டு வாரம் நிறுத்தச் சொல்கிறார்கள். ஆள் இல்லை. நல்ல வார்த்தையாகத்தான் இருக்கிறது. சலோமி இன்னொரு மெழுகுவர்த்தி ஏற்றுவாள். அதோடு இந்தப் பெஞ்சு இல்லை, பட்டினி இல்லை, மறுபடியும் பதினாலு நாள் நெருப்பை மடியில் கட்டிக்கொண்டு திரிய வேண்டாம், அதற்குமேல் மறுபடியும் ஒரு பதினாலு நாள் வாயில் துரு வேண்டாம். உண்மையைச் சொன்னால் இத்தனையும் உண்டு. இப்போது அவருக்கு அதையெல்லாம் நினைக்கவே கை கால் ஓய்ந்து வந்தது. பயம்கூட ஒரு வேலைதானே, அதற்கும் தெம்பு வேண்டியிருக்கிறது. அண்ணன் மாதிரி சோடா குடித்து ஏப்பம் விட்டு, எத்தனை நாளைக்கு ஓடுகிறதோ ஓடட்டும், எல்லோரும் ஒரு நாள் இலேசான பெட்டிதான். டிரம்மு சுற்றிக்கொண்டே இருக்கிறது, நிறுத்துகிற கட்டை எங்கோ எட்டாத தூரத்தில். மணி ஒன்பது இருபத்தெட்டு. யாரோ குழந்தையைச் சமாதானப்படுத்திக்கொண்டு நடையில் போனார்கள். கண்ணை மூடினார்.

கண்ணைத் திறந்தது ஒரு சத்தத்தில். சின்னச் சத்தம், புஸ்ஸென்று. பக்கத்தில் சலோமி தண்ணீர் பாட்டிலுக்குள் சோடாப் பொடியைக் கொட்டி, நுரை அடங்கும்முன் மடக் மடக்கென்று குடித்துக்கொண்டிருந்தாள். குடித்துவிட்டு, வாயை முந்தானையில் துடைத்து, இடது கையை நெஞ்சுக்கூட்டுக்குக் கீழே, நடுவில், அந்த ஒரு ரூபாய் அகலத்து இடத்தில் வைத்துக்கொண்டாள். மதலைமுத்து அந்தக் கையையே பார்த்தார். "இன்னா மே அது?" "ஒண்ணுமில்ல. காலைல நானும் துண்ணல இல்ல, அதான் கேஸு." "எத்தினி நாளா?" "எத்தினி நாளா. உங்களுக்குத் தெரியாதாக்கும், ஆறு மாசமா சோடாப் பொட்டலம் வாங்கியாறது யாரு, நீங்கதான." வாங்கித்தான் வந்திருக்கிறார். இவள் எதற்கென்று சொன்னாளோ, இவர் என்ன கதை சொல்லிக்கொண்டிருந்தாரோ. "டாக்டர்கிட்ட சொன்னியா?" "சொன்னேனே. நீங்க குழாய் விட்டுக்கினு மயக்கத்துல கெடந்தீங்க. ஒரே வீட்ல ஒருத்தர்கிட்டேர்ந்து ஒருத்தருக்கு வருமாம். அவருக்குக் கிருமி போவலன்னா நீயும் வந்து டெஸ்ட் குடுத்துக்கம்மான்னாரு." அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டு, ஏதோ நல்ல சேதி சொல்கிறவள் மாதிரி அவர் பக்கம் சாய்ந்தாள். "உங்களுக்கு இன்னிக்கு இல்லன்னு வந்துச்சின்னா எனக்கும் இருக்காது. ஒரே சட்டி, ஒரே தட்டு. நீங்க மிச்சம் வச்சதத்தான நான் துண்றேன். எனக்கு எதுக்கு இந்த ஊதறதும் குழாயும், நெனச்சாலே கொமட்டுது." பெரிய நியாயஸ்தி மாதிரி தலையை ஆட்டிக்கொண்டாள். "சரியாத்தான சொல்றேன்?" ஒரே தட்டு. முப்பத்துநாலு வருஷமாக அவர் சாப்பிட்டு எழுந்த தட்டில்தான் அவள் சோறு போட்டுக்கொள்கிறாள், கழுவுற வேலை ஒண்ணு மிச்சம் என்பாள். அதை அவர் டேனரியில் ஒரு கதையாகக்கூடச் சொல்லியிருக்கிறார், தட்டில் அவர் விட்டுவைத்த கறித்துண்டைத் தேடி அவள் பூதக்கண்ணாடி வாங்கி வைத்திருப்பதாக. அந்தத் தட்டில் வேறு என்னத்தை விட்டுவைத்தார். சுருள் பயல் ஒருத்தன் தட்டின் விளிம்பில் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டிருந்தான். ஆள் இல்லை என்று ஒரு தாள் வரும், அந்தத் தாளை அவள் மடித்துப் பைபிளுக்குள் வைப்பாள், ஆறு மாசம், ஆறு வருஷம், ஒவ்வொரு சாப்பாட்டுக்கும் ஒரு பொட்டலம், புஸ்ஸ், போயிடுச்சு பாருங்க என்பாள். பெட்டி. அவள் உடம்பு ஏற்கெனவே அவ்வளவுதான். தோளில் ஏற்றினால் ஏறினதே தெரியாது. அவருக்கு எங்கேயும் வலிக்கவில்லை, அதுவும் பயமாக இருந்தது.

"மதலைமுத்து ஐயா, வாங்க." ஒன்பது நாற்பது. அறைக்குள் நாற்காலியில் உட்காரவைத்து நிலோபர் 'பின்' பையைக் கையில் கொடுத்தாள். "நல்லா இழுத்து, பத்து எண்ற வரைக்கும் புடிச்சு வச்சிட்டு, அப்புறம் ஊதுங்க." சலோமி வாசலில் நின்று எட்டிப் பார்த்தாள். அவர் இழுத்தார். ஒன்று, இரண்டு, மூன்று என்று அந்தப் பெண் எண்ணினாள். பிளாஸ்டிக் குழல் உதட்டில் ஜில்லென்று இருந்தது. ஆறு, ஏழு. பையை இறக்கி மடியில் வைத்துக்கொண்டு, உள்ளே இழுத்த காற்றோடேயே, "காலைல மாத்திரை போட்டுக்கினேன் பாப்பா" என்றார். "எந்த மாத்திரை?" "கேஸ் மாத்திரை. இன்னிக்கு, நேத்து, முந்தாநாளு." வாசலிலிருந்து சலோமி, "ஆரம்பிச்சிட்டாருமா. ஊதறதுக்கு பயம், வேற ஒண்ணுமில்ல. இவரு சொல்றத காதுல வாங்காத" என்றாள். நிலோபரும் சிரித்தாள். "ஐயா, காலைல தீப்பெட்டியில எருமை இருந்துச்சுன்னீங்க. ஊதுங்க, அப்புறம் அந்தக் கதை சொல்லுங்க." ஒருத்தி முகத்திலும் ஒரு சுருக்கம் விழவில்லை. முப்பத்தொரு வருஷத்துப் பொய்யும் கூட்டமாக வந்து அறை வாசலை மறித்துக்கொண்டு நிற்க, பின்னால் இந்த ஒரே ஓர் உண்மை எட்டி எட்டிப் பார்த்துக் கையை ஆட்டியது, யாரும் உள்ளே விடவில்லை. பேசாமல் ஊதிவிடலாம் என்று ஒரு நொடி, முள் எட்டாம் எண்ணிடம் விக்குகிற அந்த ஒரு நொடி, உடம்பு முழுக்க ஆசையாக இருந்தது; சொல்லியாயிற்று, நம்பாதது அவர்கள் பாவம், என்ன அழகான கதை. கையை மேலே தூக்க அவ்வளவு பாரமாக இருந்தது. தூக்கினார். சட்டைப் பையிலிருந்து கண்ணாடி டப்பாவை எடுத்து, துணியை விரித்து, பட்டையை எடுத்து மேசைமேல், புடைத்துப் படுத்திருந்த 'முன்' பையின் பக்கத்தில் வைத்தார்.

சலோமி உள்ளே வந்தாள். பட்டையை எடுத்து, காலிக் குமிழ்களை நகத்தால் ஒவ்வொன்றாகத் தொட்டாள். ஏழு வரைக்கும் தொட்டாள். "அந்தப் பதினாலு நாளு?" என்று கேட்டாள், திட்டுகிற குரலே இல்லை, அதுதான் தாங்க முடியவில்லை. "எட்டு" என்றார். "அப்புறம்?" "கட்டைவெரல் வச்சிப் பாத்தேன், வலிக்கல." அவள் அவரையும் பட்டையையும் மாறி மாறிப் பார்த்தாள். நிலோபர் கோடு போட்ட கட்டத்தை அடித்து, பக்கத்தில் ஏதோ எழுதினாள். "இன்னிக்கு எடுத்தா தப்பா வரும்யா. மாத்திரை நிறுத்தி ரெண்டு வாரம் கழிச்சு வாங்க. ரொம்ப எரிஞ்சா எங்களுக்கு போன் பண்ணுங்க, நீங்களா எதையும் போடாதீங்க." "ரெண்டு பேரா எழுதிக்கோ பாப்பா" என்றார் மதலைமுத்து. "அவளுக்கும் ஒரு பை." சலோமியின் கை தானாக நெஞ்சுக்கூட்டுக்குக் கீழே போனது. "அம்மா உங்க பேரு?" "சலோமி" என்றாள், சோதனையில் ஏற்கெனவே தோற்றுவிட்டவள் மாதிரி. அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது, பைக்கென்று இழுத்த காற்றில் பாதி இன்னும் உள்ளேயே நின்றுகொண்டிருந்தது. அது இப்போது தன்பாட்டுக்கு வெளியே போயிற்று, நீளமாக, ஆரஞ்சு வாசனையோடு, யாருடைய பைக்கும் இல்லாமல். இன்னும் பதினாலு நாள். எரியும். "இனிமே இந்த டப்பா என்கிட்ட" என்று அவள் கண்ணாடி டப்பாவை எடுத்துத் தன் பைக்குள் போட்டாள். "எழுந்திருங்க. கீழ போய் நாலு இட்லி துண்ணலாம், மொகம் பாத்தா பொணமாட்டம் இருக்குது." "என்னை நம்பிட்டியா மே?" "உங்கள யாரு நம்பினது. பட்டையத்தான் நம்புனேன்." சொல்லிக்கொண்டே அவர் மணிக்கட்டைப் பிடித்து, கோபமெல்லாம் விரலுக்கு வந்த மாதிரி இறுக்கி, ஒரு இழு இழுத்து எழுப்பினாள். படிக்கட்டில் பிடி விட்டபோது அவர் கையைத் திருப்பிப் பார்த்தார். அவள் கட்டைவிரல் இருந்த இடத்தில் குழி அப்படியே நின்றது. ஒரு படி, இன்னொரு படி. மெல்லத்தான், தயங்கித் தயங்கித்தான் மறைந்தது.